எடைக்கு எடை பெற்றோல்

எஞ்சின்கள் கெட்டிக்காரராகிவிட்டன. ஆனாலும் ரொறன்ரோவில் காஸ் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. எஞ்சின் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை வண்டியின் கனம் தின்றுகொண்டிருக்கிறது. எங்கே, எவ்வளவு, ஏன்? ஒரு கணக்கெடுப்பு.

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் ஓடினால் கேம்பிரிட்ஜ் வரும். அங்கே ரொயோட்டா கட்டிய தொழிற்சாலையில் 1988 இறுதியில் கொரோலா கார்கள் தயாராகத் தொடங்கின. ஊரை விட்டு வந்த தமிழர்கள் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் குடியேறி, இரண்டு வேலை பார்த்துக் காசு சேர்த்து, முதன்முதலில் பாவித்த கார் ஒன்றை வாங்கிய காலமும் அதுதான். பல வீடுகளில் அந்த முதல் கார் கொரோலாவாகவோ சிவிக்காகவோ இருந்தது. சின்ன எஞ்சின், சின்ன உடம்பு, கையைக் கடிக்காத செலவு.

முப்பது வருடம் கழித்து, 2019-ல், கேம்பிரிட்ஜில் கொரோலா தயாரிப்பு நின்றது. அந்த இடத்தில் இப்போது ராவ் 4 தயாராகிறது. கொரோலா ஏறத்தாழ 1,300 கிலோ. நாலு சில்லும் இழுக்கும் ராவ் 4 ஏறத்தாழ 1,600 கிலோ. அதே கம்பனி, அதே கூரை. வெளியே வருவது மட்டும் 300 கிலோ கனத்துவிட்டது. நாலு பெரிய ஆட்கள் இரவும் பகலும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜ் மட்டும் இப்படி இல்லை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப் ட்ரக் செய்கிறது. மேற்கே ஓக்வில்லில் மின்சார எஸ்யூவி செய்யப்போவதாகச் சொல்லியிருந்த ஃபோர்ட், 2024 ஜூலையில் திட்டத்தை மாற்றியது. அங்கே கட்டப்போவது தன்னுடைய கனமான சூப்பர் டியூட்டி பிக்கப் என்று அறிவித்தது. கம்பனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கனடாவில் இன்று விற்கும் புதிய வாகனங்கள் ஐந்தில் நாலுக்கு மேல் எஸ்யூவி, பிக்கப், வான் வகைதான். சாதாரணக் கார் சிறுபான்மையாகி வருடங்களாகின்றன.

இதன் விலை உலகக் கணக்கில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை 2019-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், 2017-ல் விற்ற புதிய வாகனங்களின் சராசரி எரிபொருள் செலவில் பெரிய கார்ச் சந்தைகள் எல்லாவற்றிலும் மோசமான இடம் கனடாவுக்கு. நூறு கிலோமீற்றருக்கு 8.9 லீற்றர். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 206 கிராம் கரியமில வாயு. பெற்றோலைத் தண்ணீராகச் செலவழிப்பவர்கள் என்று பேரெடுத்த அமெரிக்கர்களே நமக்குப் பின்னால்தான்.

கனம் எங்கே தின்கிறது?

ஒரு வாகனம் பெற்றோலை நாலு வேலைகளுக்குச் செலவழிக்கிறது: நின்ற வண்டியைக் கிளப்பி வேகமெடுக்க, ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உருளல் தடையை வெல்ல, மேடு ஏற, எதிர்க் காற்றைத் தள்ள. முதல் மூன்றும் எடையோடு நேர் விகிதத்தில் ஏறுபவை. எடை இரட்டித்தால் அவையும் இரட்டிக்கும். காற்றுக்கு மட்டும் எடை ஒரு பொருட்டில்லை. வண்டியின் முகப்பு எவ்வளவு பெரிது, உருவம் எப்படி, வேகம் என்ன என்பதுதான் அதன் கணக்கு.

முதலாவதை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பெரும்பகுதி சூடாகிப் புகைக்குழாய் வழியாகவும் றேடியேற்றர் வழியாகவும் போய்விடும். சில்லுக்கு வந்து சேர்வது கால்வாசி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ வரும் சின்னக் கார் ஒன்று, சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்ததும் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் பெற்றோல் எரிக்கும். அதே வேகத்துக்கு 2,300 கிலோ பிக்கப் ஏற வேண்டுமானால் 28 மில்லிலீற்றர். ஒரு தடவைக்கு 11 மில்லிலீற்றர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. நூறு தடவை நின்று கிளம்பினால் ஒரு லீற்றரைத் தாண்டிவிடும்.

கெனடி வீதியிலோ ஃபின்ச் அவெனியூவிலோ காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இந்த நூறு தடவை சில நாட்களிலேயே வந்து சேர்ந்துவிடும். ஒவ்வொரு சந்தியிலும் விளக்கு. நடுவில் பஸ் தரிப்பு. இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார். வேகமெடுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் அடுத்த சந்தியில் பிறேக் தட்டில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறோம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. கனமான வண்டி நகரத்தில் காஸ் குடிக்கிறது என்று எல்லாரும் சொல்வதன் உள்விவரம் இதுதான்: ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எடைக்கு விதிக்கப்படும் வரி.

401-ல் கணக்கு மாறுகிறது

அதே வண்டிகளை இரவு பத்து மணிக்கு, வழி விட்டிருக்கும் 401-ல் ஏற்றுங்கள். நூறு கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடும்போது நிறுத்தமும் இல்லை, கிளப்பலும் இல்லை. உருளல் தடை எடையோடு இருக்கத்தான் செய்யும். ஆனால் சாதாரணக் காருக்கு அந்த வேகத்தில் காற்றுத் தடை அதைப்போல இரண்டு மடங்கு. சில்லுக்கு வந்து சேரும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது.

காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். நூறிலிருந்து நூற்றிருபதுக்கு மிதித்தால் அது 44 வீதம் கூடும். குளிர்காலத்தில் இன்னொன்றும் சேர்கிறது. மறை 10 பாகையில் காற்று, கோடைகால 25 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 13 வீதம் அடர்த்தியானது. அதையும் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

அப்படியானால் நெடுஞ்சாலையில் பெரிய வண்டிக்குப் பிரச்சினை இல்லையா? இருக்கிறது, ஆனால் காரணம் வேறு. எடை கூடிய வண்டி அநேகமாக உயரமாகவும் அகலமாகவும் சதுரமாகவும் இருக்கும். நகரத்தில் எடை தின்பதை நெடுஞ்சாலையில் உருவம் தின்கிறது. ஒரே வாகனத்தை இரண்டு இடத்திலும் ஓட்டுகிறவர் இரண்டு தண்டத்தையும் கட்டுகிறார்.

அதுவும் 401 வழி விட்டால்தான். பியர்சன் விமான நிலையத்துக்கு அருகே 18 தடங்கள் வரை விரியும் இந்த நெடுஞ்சாலை, நாளொன்றுக்கு நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களைச் சுமக்கிறது. உலகத்தின் மிக நெரிசலான நெடுஞ்சாலைகளில் இதுவும் ஒன்று. பின்னேரம் நாலு மணிக்கு அது நெடுஞ்சாலையே இல்லை. விளக்கில்லாத ஃபின்ச் அவெனியூ. ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போகும்போது எடை மறுபடியும் வரி வாங்க வந்துவிடுகிறது. டொன் வலி பார்க்வேயும் அப்படியே.

ஐம்பது வருடக் கணக்கு

கனடாவின் வாகனச் சந்தை அமெரிக்கச் சந்தையோடு ஒட்டிப் பிறந்தது. பெரும்பாலும் அதே மாடல்கள், அதே கம்பனிகள். ஆகவே அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகமை 1975 முதல் வைத்திருக்கும் கணக்கு நமக்கும் பொருந்தும்.

1975-ல் புதிய வாகனத்தின் சராசரி எடை ஏறத்தாழ 1,840 கிலோ. நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 18 லீற்றர் குடித்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது வந்த பயம், அதன் பின் வந்த சட்டம், ஜப்பான் கார்களின் வரவு எல்லாம் சேர்ந்து எடையைக் கீழே இழுத்தன. 1973-ல் வட அமெரிக்காவுக்கு வந்த முதல் ஹொண்டா சிவிக் 700 கிலோகூட இல்லை. 1980களின் தொடக்கத்தில் சராசரி எடை 1,450 கிலோவுக்கு இறங்கியிருந்தது.

பிறகு எண்ணெய் மலிந்தது. பயம் போனது. எடை ஏறத் தொடங்கியது. 2022-ல் சராசரி 1,950 கிலோ. 1975-ன் இரும்புப் பூதங்களையும் தாண்டிவிட்டோம். எஞ்சின் வலு அந்தக் காலத்தில் 137 குதிரைவலு. இப்போது 250-ஐத் தாண்டிவிட்டது.

ஆனாலும் சராசரிச் செலவு 18 லீற்றரிலிருந்து 9 லீற்றராகப் பாதியாகியிருக்கிறது. இது எஞ்சின் பொறியியலின் வெற்றி: கணினி அளந்து தெளிக்கும் எரிபொருள், எட்டு கியர், பத்து கியர், டேர்போ, ஹைபிரிட். அந்த வெற்றியில் எடை எவ்வளவைத் திருப்பி வாங்கிக்கொண்டது? வாகனத்தின் எடையைப் பத்து வீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 வீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் விதி. 1980களின் எடையோடு நின்றிருந்தால் இன்றைய சராசரி வாகனம் கால்வாசி இலேசாக இருந்திருக்கும். அந்த விதியை வைத்துப் பருமட்டாகப் போட்டால் 9 லீற்றர் ஏழரைக்கு அண்மையில் வந்திருக்க வேண்டும். பொறியியலாளர் மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் ஒன்றரை லீற்றரை நாம் தகடாகவும் கண்ணாடியாகவும் மாற்றிக்கொண்டோம்.

அதில் ஒரு பங்கு நியாயமான செலவு என்பதையும் சொல்லவேண்டும். முதல் சிவிக்கில் காற்றுப் பை இல்லை.  இன்றைய சிவிக் 1,300 கிலோவைத் தாண்டுவதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஆனால் அதற்கு மேல் ஏறும் கனம் உள்ளே இருப்பவரைக் காக்கிறதென்றால், வெளியே நடப்பவரிடம் அதற்கு விலை வாங்குகிறது. மூக்கு உயர்ந்து நிமிர்ந்த வாகனங்கள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த மூக்குள்ளவற்றைவிட 45 வீதமளவு அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023-ல் காட்டியது.

சட்டமே கனத்துக்குக் கதவு திறந்தது

எல்லாவற்றையும் வாங்குகிறவர் ஆசையில் போட்டுவிட முடியாது. கனடா 2010-ல் கொண்டுவந்த வாகனப் புகை விதிகள் அமெரிக்க விதிகளை ஒட்டியவை. அவற்றில் ஒவ்வொரு வாகனத்துக்கும் இலக்கு அதன் தடப்பரப்பை வைத்துக் கணிக்கப்படுகிறது; அதாவது நாலு சில்லுக்கும் நடுவில் அடங்கும் நிலப்பரப்பு. பரப்புக் கூடினால் இலக்குத் தளரும். 'இலகு ட்ரக்' என்ற வகைக்கு இன்னும் தளர்வு. எஸ்யூவிகளில் பெரும்பகுதி இந்த வகைக்குள் அடங்கிவிடும். சின்ன வாகனத்தைத் திருத்துவதைவிட வாகனத்தைப் பெரிதாக்குவது கம்பனிக்கு இலேசாகிவிட்டது. பெரிதில் இலாபமும் கூட.

வரியிலும் இதே ஓட்டை. 2007-ல் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை வரி, நூறு கிலோமீற்றருக்கு 13 லீற்றரோ அதற்கு மேலோ குடிக்கும் வாகனங்களுக்கு 1,000 முதல் 4,000 டொலர் வரை விதிக்கிறது. ஆனால் பிக்கப் ட்ரக்குக்கு விலக்கு. கமக்காரரையும் மேசன்மாரையும் மனதில் வைத்துக் கொடுத்த விலக்கு, இன்று தோல் இருக்கை போட்ட, ஒரு மூட்டை சீமெந்துகூட ஏற்றாத பிக்கப்புகளுக்கும் குடை பிடிக்கிறது.

ஒன்ராறியோவிடமும் ஒரு காலத்தில் எரிபொருள் சிக்கன வரி இருந்தது. கூடுதலாகக் குடிக்கும் புதிய காருக்கு வரி, மிகக் குறைவாகக் குடிப்பதற்குச் சிறு கழிவு. 2010 ஜூலை 1-ல் எச்.எஸ்.ரி. வரி வந்தபோது அது எடுக்கப்பட்டது. தெற்கு ஒன்ராறியோவில் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு வருடாவருடம் கட்டிய 120 டொலர் இலக்கத்தகட்டு ஸ்ரிக்கர் கட்டணம், சின்னக் காருக்கும் பெரிய எஸ்யூவிக்கும் ஒன்றாகவே இருந்தது. 2022 மார்ச்சில் அதுவும் இல்லாமல் போனது. இன்று ஒன்ராறியோவில் ஒரு குடும்பம் எடை கூடிய வாகனத்தை வைத்திருப்பதற்காக மாகாணத்துக்குத் தனியே ஒரு சதமும் கட்டுவதில்லை. அந்தத் தண்டம் காஸ் நிலையத்தில் மட்டும்தான் வாங்கப்படுகிறது. அங்கேயும் 2025 ஏப்ரலில் கார்பன் கட்டணம் நீங்கியதோடு லீற்றருக்கு 17.6 சதம் குறைந்துவிட்டது.

மற்ற நகரங்கள் வேறு வழியில் போகின்றன. மொன்றியலில் றோஸ்மொண்ட்–லா பெத்தித்-பத்ரி வட்டாரம் வீதியோரத்தில் வண்டி நிறுத்தும் அனுமதிக் கட்டணத்தை எடையைப் பார்த்து வாங்குகிறது. பாரிஸ் 2024 பெப்ரவரியில் மக்களிடம் வாக்குக் கேட்டது. அதே வருடம் ஒக்ரோபர் முதல், 1.6 தொன்னைத் தாண்டும் பெற்றோல் வாகனமும் 2 தொன்னைத் தாண்டும் மின்வாகனமும் வெளியூரிலிருந்து வந்து நகர மையத்தில் நின்றால் மணிக்கு 18 யூரோ. அந்த அளவுகோலை ரொறன்ரோவின் வாகனங்களுக்கு வைத்தால் பெரும்பாலானவை மாட்டிக்கொள்ளும்.

இளைக்க வைக்கத் தெரிந்தவர்களும் இங்கேதான்

வேடிக்கை என்னவென்றால், வாகனத்தை இளைக்க வைக்கும் வித்தையில் உலகத்தில் பேர் வாங்கியவர்கள் சிலர் ரொறன்ரோவுக்கு வடக்கேதான் இருக்கிறார்கள். அரோராவைத் தலைமையகமாகக் கொண்ட மக்னா, உலகின் பெரிய வாகன உதிரிப்பாகக் கம்பனிகளில் ஒன்று. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் ஃபோர்டும் மக்னாவும் சேர்ந்து, ஏறத்தாழ 1,560 கிலோ எடையுள்ள ஃபியூஷன் காரை எடுத்து, அலுமினியம், வலுக்கூடிய உருக்கு, மக்னீசியம், கரிநார் என்று இடத்துக்கு ஏற்ற பொருளைப் போட்டு மறுபடி கட்டினார்கள். 2014-ல் காட்டிய மாதிரி வண்டி 364 கிலோ இலேசு. உடம்பு இளைத்ததும் எஞ்சினும் மூன்று சிலிண்டர், ஒரு லீற்றர் போதும் என்றாகியது. எடைக்குறைப்பின் உண்மையான பலன் இங்கேதான். உடம்பு இளைத்தால் எஞ்சின் சிறுக்கும்; எஞ்சின் சிறுத்தால் பிறேக்கும் ரயரும் சிறுக்கும்; அதனால் உடம்பு இன்னும் இளைக்கும்.

மார்க்கம் நகரத்தில் மல்ரிமற்றிக் கம்பனி 2016 முதல் 2022 வரை ஃபோர்ட் ஜிரி என்ற கரிநார் உடம்புள்ள பந்தய ரகக் காரைக் கையால் கட்டியது. நம்மவர்கள் கடைக்குப் போய்வரும் அதே மார்க்கம். ஆனால் அந்தக் காரின் விலையில் அங்கே வீடு வாங்கப் பார்க்கலாம். கரிநார் இலேசுதான், விலை கனம். சாதாரண வண்டிக்கு அது வராது.

சாதாரண வண்டிக்கு வந்த பெரிய மருந்து அலுமினியம். ஃபோர்ட் 2015 மாடல் எஃப்-150 பிக்கப்பின் உடம்பை உருக்கிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியபோது 320 கிலோ வரை குறைத்தது. கனடாவில் மிக அதிகம் விற்கும் ட்ரக் வரிசை அதுதான் என்பதால் சின்ன விஷயமல்ல. ஆனாலும் கொழுத்த உடம்பைச் சற்று இளைக்க வைப்பதும் சின்ன உடம்பைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றாகிவிடாது. அலுமினிய உடம்போடும் எஃப்-150 கொரோலாவைவிட அரைப்பங்குக்கு மேல் கனம்தான்.

ஹைபிரிட் மாற்றிய விதி

எடை கூடினால் செலவு கூடும் என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு நம் வீட்டு வாசல்களிலேயே நிற்கிறது. ரொறன்ரோத் தமிழர் வீடுகளில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஓடுவது சியன்னா மினிவான். 2020 மாடல் வரை அது ஆறு சிலிண்டர் பெற்றோல் வண்டி. அமெரிக்கச் சோதனைக் கணக்கில் நகரத்தில் நூறு கிலோமீற்றருக்கு 12.4 லீற்றர், நெடுஞ்சாலையில் 9 லீற்றர். 2021 மாடலிலிருந்து சியன்னா முழுக்க ஹைபிரிட். பற்றரியும் மோட்டரும் சேர்ந்ததால் எடை சற்றுக் கூடியிருக்கிறது. செலவு நகரத்திலும் 6.5, நெடுஞ்சாலையிலும் 6.5.

அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். நகரத்தில் எடைக்கு விதித்த வரி மறைந்துவிட்டது. பிறேக்கை மிதிக்கும்போது சூடாகிப் போகவேண்டிய ஆற்றலின் ஒரு பங்கை மோட்டர் மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் போடுகிறது. பச்சை விழுந்ததும் அதையே எடுத்து வண்டியைக் கிளப்புகிறது. நிற்கும்போது எஞ்சினும் அணைந்துவிடும். கேம்பிரிட்ஜில் தயாராகும் ராவ் 4-ம் 2026 மாடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. ஹைபிரிட் ராவ் 4-க்கு நூறு கிலோமீற்றருக்கு 6 லீற்றர்தான். தனிப் பெற்றோலில் ஓடும் கொரோலாவுக்கு ஏறத்தாழ 7. எடை கூடிய வண்டி சின்ன வண்டியை வென்றுவிட்டது. ஆனால் அதே வித்தையைக் கொரோலாவுக்குப் போட்டால் 4.7 லீற்றர். ஹைபிரிட் எடையை மன்னிக்கிறது, மறப்பதில்லை.

மின்வாகனத்திலும் இதே கதை. ஜிஎம்சி ஹம்மர் மின்வாகனம் நாலு தொன்னுக்கு மேல் கனம். அதன் பற்றரி மட்டும் ஏறத்தாழ 1,300 கிலோ. ஒரு முழு சிவிக் காரின் எடை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைத் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி 2023 ஜனவரியில் இந்த ஒப்பீட்டைச் சொல்லித்தான் எச்சரித்தார். நூறு கிலோமீற்றருக்கு ஹம்மர் ஏறத்தாழ 45 அலகு மின்சாரம் குடிக்கிறது. டெஸ்லா மாடல் 3 பதினைந்து, பதினாறோடு நிற்கிறது. புகை வராவிட்டாலும் விரயம் விரயம்தான்.

இருபது லீற்றரில் எவ்வளவு தூரம்?

எடையின் விலையை நம்மவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை இது. அந்த நாட்களில் சைக்கிள்தான் ராசா. ஓட்டுகிறவரைவிட இலேசான வாகனம் அது ஒன்றுதான்.

2022-ல் இலங்கை மறுபடியும் வரிசையில் நின்றது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்தார்கள். அந்த 20 லீற்றரை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். இலங்கை வீதிகளில் நிறைந்திருக்கும், ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி வகனார் ஏறத்தாழ 800 கிலோ. 20 லீற்றரில் 400 கிலோமீற்றர் ஓடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே 20 லீற்றரை நூறுக்கு 12 லீற்றர் குடிக்கும் ஒரு பிக்கப்புக்கு ஊற்றினால் வண்டி வவுனியாவுக்குச் சற்று அப்பால் நின்றுவிடும்.

பெட்டிச் செய்தி: வாங்கிய வண்டியில் என்ன செய்யலாம்?

*டிக்கி:* நடுத்தரக் காரில் ஒவ்வொரு 25 கிலோ மேலதிகச் சுமைக்கும் செலவு ஏறத்தாழ ஒரு வீதம் கூடும் என்கிறது கனடா இயற்கை வளத் துறை. அமெரிக்கக் கணக்கு 45 கிலோவுக்கு ஒரு வீதம். போன மாதம் வாங்கி இறக்க மறந்த அரிசி மூட்டை, கண்ணாடி கழுவும் திரவக் கான்கள், பிள்ளை வளர்ந்த பிறகும் கிடக்கும் தள்ளுவண்டி என்று 50 கிலோ இருந்தால், 15,000 கிலோமீற்றருக்குப் பத்து முதல் இருபது லீற்றர் வரை போகும்.

*கூரை:* டிக்கியைவிட இது முக்கியம். தேவையில்லாத கூரைச் சட்டம் நெடுஞ்சாலையில் செலவை 20 வீதம் வரை ஏற்றக்கூடும். மொன்றியல் முருகன் கோயிலுக்குப் போய்வந்ததும் கூரைப் பெட்டியைக் கழற்றி வையுங்கள். எடையில் அது ஒன்றுமில்லை. காற்றுக்குத்தான் அது சுவர்.

*பனி:* புதுப்பனி ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோ வரும். ஐந்து சதுர மீற்றர் மேல்பரப்பில் 20 சென்ரிமீற்றர் கொட்டிக் கிடந்தால் சரியாக ஒரு கன மீற்றர். கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர் ஒரு ஆளைக் கூரையில் ஏற்றிக்கொண்டு போகிறார். அது வழியில் சரிந்து பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழும் ஆபத்து வேறு.

*ரயர்:* வெப்பநிலை ஐந்தரைப் பாகை இறங்கினால் ரயரில் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ காற்று இறங்கும். செப்ரெம்பரில் நிரப்பிய ரயர் ஜனவரியில் ஐந்தாறு பிஎஸ்ஐ இழந்திருக்கும். கனமான வண்டிக்கு இந்த இழப்புக் கூடுதலாக உறைக்கும்.

*நின்று எரிப்பது:* ரொறன்ரோ மாநகர விதிப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியை ஓடவிட்டு நிற்கக்கூடாது. சில விலக்குகள் உண்டு. 

மிகப் பெரிய நாளுக்கு வாங்குகிறோம்

பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் மிச்சம் சில வீதம். வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நிச்சயமாவது அதைப்போலப் பல மடங்கு. நூறு கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும் வண்டியும் 12 லீற்றர் குடிக்கும் வண்டியும் வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 1,000 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 1,500 டொலர். பத்து வருடம் வைத்திருந்தால் 15,000. டிக்கியை எத்தனை தடவை காலி செய்தாலும் இது திரும்பி வராது.

பெரிய வண்டி உண்மையில் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கூரை போடுகிறவருக்கும் வீடு திருத்துகிறவருக்கும் பிக்கப் ஒரு தொழிற்கருவி. ஏழு பேர் ஏறிய ஹைபிரிட் சியன்னா ஆளுக்கு ஒரு லீற்றரும் இல்லாமல் நூறு கிலோமீற்றர் கொண்டுபோகிறது. தனியாளாகக் கொரோலாவில் போகிறவர் தலைக்கு 7 லீற்றர் எரிக்கிறார். எடை தன்னளவில் குற்றமில்லை. வேலையில்லாமல் கூடவே சுற்றும் எடைதான் விரயம்.

அந்த விரயம் எப்படி வீட்டுக்கு வருகிறது? நாம் வருடத்தின் மிகப் பெரிய நாளை மனதில் வைத்து வண்டி வாங்குகிறோம். ஊரிலிருந்து மாமா குடும்பம் வரும் நாள், மொன்றியல் பயணம், ஒரு தடவை வரும் பெரும் பனிப்புயல். அந்தச் சில நாட்களுக்காக வாங்கிய இரண்டு தொன்னை மீதி முந்நூற்றைம்பது நாளும் ஒரே ஆளாக வேலைக்கும் வீட்டுக்கும் இழுத்துக்கொண்டு திரிகிறோம். அந்த 1,500 டொலரில் பெரிய நாட்களுக்கு மட்டும் மினிவான் ஒன்றை வாடகைக்கு எடுத்தாலும் கையில் காசு மிஞ்சும். பனிக்கு வேண்டியது நல்ல குளிர்கால ரயர். கனத்த வண்டி கிளம்புவதற்கு நாலு சில்லும் உதவும், நிற்பதற்கு ரயர்தான் உதவும்.

டீலரிடம் போகும்போது மாதக் கட்டணத்தோடு இரண்டு எண்களைக் கேளுங்கள்: வெற்று வண்டியின் எடை என்ன, நகர ஓட்டத்தில் நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர். இரண்டாவது, கனடாவில் விற்கும் புதிய வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய எனர்கைட் லேபிளிலேயே இருக்கும். முதலாவதை நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். மாகாணத்திடமும் மாநகரத்திடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. வீதியைக் கூடத் தேய்க்கிற, இடத்தைக் கூடப் பிடிக்கிற, எரிபொருளைக் கூடக் குடிக்கிற வாகனத்துக்கும் சின்ன வாகனத்துக்கும் ஒரே கட்டணம், அதுவும் பூச்சியம் என்பது நியாயமா? அந்தக் கணக்கு ஒன்ராறியோவில் எழுதப்படாதவரை, கேம்பிரிட்ஜும் ஓக்வில்லும் நாம் எதை வாங்குகிறோமோ அதையே கட்டும். கனத்தை நிறுத்தும் பிறேக் இப்போதைக்கு வாங்குகிறவர் காலடியில் மட்டும்தான் இருக்கிறது.